பிரசவ அறைக்கு முன்னும் பின்னும்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய மாவட்டங்களின் எந்தக் கிராமத்திலும் இன்று ஒரு பிள்ளை வீட்டிலேயே பிறந்தது என்றால் அது ஊர் முழுக்கப் பேசப்படும் செய்தியாகிவிடும். 2019–21இல் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ நடக்கின்றன. என் பாட்டிக்குப் பிள்ளைப்பேறு பார்த்தவர் எங்கள் ஊர் மருத்துவச்சி. அவருக்குக் கூலி அறுவடைக் களத்தில் அளந்து போட்ட நெல். இரண்டு தலைமுறைக்குள் அந்த உலகம் அடியோடு மாறிவிட்டது, அதை நான் சிறிய சாதனையாகக் கருதவில்லை.

ஆனாலும் ஒரு கணக்கு என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பிறப்பு இறப்புகளைக் கணக்கிடும் மத்திய அரசின் மாதிரிப் பதிவுத் திட்டம் வெளியிட்ட 2018–20 ஆண்டுகளுக்கான அறிக்கையில், ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு இந்தியாவில் 97 தாய்மாரும் தமிழ்நாட்டில் 54 தாய்மாரும் கேரளத்தில் 19 தாய்மாரும் இறந்ததாகக் காண்கிறோம். மேடைகளில் 97ஐயும் 54ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுவது வழக்கம். 54ஐயும் 19ஐயும் அப்படி வைத்துப் பேசுபவரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். இரண்டு மாநிலங்களிலும் ஏறக்குறைய எல்லாப் பெண்களும் மருத்துவமனையில்தான் பிள்ளை பெறுகிறார்கள். அப்படியிருக்க, மீதமுள்ள ஆபத்தைப் பிரசவ அறைக்குள் மட்டும் தேடுவது போதாது. அந்த அறைக்கு வருவதற்கு முன்னும், ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு அனுப்பப்படும்போதும், வீடு திரும்பிய பின்னும் அது இருக்கிறது என்பதே நான் நம்புவது. என் சித்தி தலைஞாயிறு ஒன்றியத்தில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதால், இந்த நம்பிக்கை முழுக்க என்னுடையது என்று சொல்லிக்கொள்ள முடியாது.

முதலில் வயலிலிருந்து தொடங்குகிறேன். ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணை திறந்தால் குறுவை, பிறகு சம்பா, தாளடி என்று டெல்டாவின் வேலைக்காலம் நீள்கிறது. அறுவடைக்கு இயந்திரம் வந்துவிட்டது. நாற்றுப் பறிப்பும் நடவும் களையெடுப்பும் பல ஊர்களில் இன்னமும் பெண்களின் முதுகில்தான் நடக்கின்றன. கூலி வேண்டும் என்பதற்காக ஐந்தாறு மாதம் வரை குனிந்து நடவு செய்யும் பெண்களை எங்கள் பகுதியில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சேற்றில் நாள் முழுவதும் நிற்கும் ஒருத்தி, ஒதுங்க இடமில்லாத காரணத்தால் வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல் இருப்பாள். சிறுநீர்த் தொற்று அங்கே தொடங்கும். கர்ப்ப காலத்தில் அதைக் கவனிக்காமல் விட்டால் அது சிறுநீரகம் வரை ஏறும், குறைமாதப் பிரசவத்துக்கும் வழிவகுக்கும். பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் சிறுநீர் எடுத்துப் பார்ப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம் என்பதை அந்தப் பெண்ணிடம் யாரும் விளக்குவதில்லை. குப்பியைக் கையில் கொடுத்து அனுப்புவதோடு சரி.

இரத்தசோகை இதைவிடப் பரவலானது. அதே ஐந்தாவது ஆய்வு தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் இரத்தசோகை உடையவர்கள் என்கிறது. ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் கர்ப்பிணிக்கு இரத்தசோகை. 7க்குக் கீழே போனால் அது உயிருக்கே ஆபத்தான நிலை, ஏனெனில் பிரசவத்தின்போது மற்றவர்கள் தாங்கிக்கொள்ளும் அளவு இரத்தப்போக்கையும் அந்த உடம்பு தாங்காது. அரசு தரும் சத்து மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன; அதை 180 நாட்கள் சாப்பிட வேண்டும். மாத்திரை வாங்கப்படுகிறது, பதிவேட்டில் எழுதப்படுகிறது, பிறகு அது அரிசிப் பானைக்குப் பக்கத்தில் பிரிக்கப்படாமல் கிடக்கிறது. மலம் கறுக்கிறது, வயிறு கட்டுகிறது, குமட்டுகிறது என்பவை உண்மையான காரணங்கள்; பிள்ளை கறுத்துவிடும் என்பது வெறும் பயம். இரண்டுக்கும் ஒரே பதிலைச் சொல்லிவிட முடியாது. வயலில் பதினொரு மணிக்கு வரும் டீயோடு மாத்திரையை விழுங்கும் பெண்ணுக்கு, டீ இரும்பை உடம்பில் சேரவிடாது, எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ அதைச் சேர்க்கும் என்று எடுத்துச் சொன்னாலே பாதிக் காரியம் முடியும். சித்தி இதை டீக்காரரிடமே சொல்லிவைத்தாராம். டீக்காரர் வந்த கையோடு, மாத்திரை போட்டாயிற்றா என்று கேட்டு, போட்டவர்களுக்கு ஒரு மணி நேரம் கழித்துத்தான் டீ ஊற்றுவாராம். எந்தச் சுற்றறிக்கையிலும் இப்படி ஒரு யோசனை வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 1987இல் 300 ரூபாயோடு தொடங்கியது. 2006இல் 6,000 ஆகி, 2011இல் 12,000 ஆகி, 2018இல் 18,000 ஆயிற்று. அந்தத் தொகையில் 4,000 ரூபாய் இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாக வருகிறது. பெட்டகத்தின் பேரீச்சம்பழமும் நெய்யும் வீட்டிலுள்ள எல்லோர் வாய்க்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் போவதை நான் பெரிய குற்றமாக நினைக்கவில்லை; கர்ப்பிணி தனக்கென்று ஒரு டப்பாவை ஒளித்துவைக்கும் பழக்கம் நம் வீடுகளில் கிடையாது. பணம்தான் முக்கியம். நடவுக்குப் போகாமல் இருப்பதற்கு ஈடாக அது கையில் கிடைத்தால் மட்டுமே பயன். தவணை தாமதமானால், அவள் வயலில் நின்று முடித்த பிறகு அந்தப் பணம் வரும்.

அடுத்தது தாய்வீடு. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு நடத்தி, தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்து வருவது நம் வழக்கம். மனத்துக்கும் உடம்புக்கும் அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்றே சொல்வேன். ஆனால் சுகாதாரத் துறையின் கணக்கில் அவள் அந்த நாளிலிருந்து இரண்டு ஊர்களுக்கு நடுவில் நிற்கிறாள். அதுவரை அவளைப் பார்த்துவந்த நர்சம்மாவுக்கு அவளுடைய இரத்த அழுத்தம் மெல்ல ஏறிவந்த கதை தெரியும். புதிய ஊர் நர்சம்மாவுக்கு அவள் முன்பின் அறியாத ஒருத்தி. இந்த இடைவெளியை அடைப்பதற்காகத்தான், கர்ப்பிணிகளை அரசு கணினியில் பதிவு செய்து தரும் பிக்மி எண் வந்தது. அந்தப் பன்னிரண்டு இலக்க எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் வாங்குவது கடினம் என்பதால் பதிவு செய்யாதவர்கள் இப்போது அபூர்வம். எண் பெண்ணோடு போகிறது, உண்மை. ஆனால் இவளைக் கவனமாகப் பாருங்கள் என்று ஒருவர் மற்றவரிடம் சொல்வது அந்த எண்ணுக்குள் இல்லை. சித்தி தன் பொறுப்பிலிருந்து எந்தக் கர்ப்பிணி தாய்வீடு போனாலும் அந்த ஊர் செவிலியருக்குத் தொலைபேசியில் பேசிவிடுவார். அது அவருடைய தனிப்பட்ட பழக்கமாக இருந்தது; கடமையாக எழுதப்பட்டிருந்தால் அவர் ஓய்வு பெற்றபோது அதுவும் ஓய்வு பெற்றிருக்காது.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். சமவெளிப் பகுதியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதற்கு ஒரு கிராம சுகாதார செவிலியர் என்பது விதி. ஒரு பணியிடம் காலியாக இருந்தால் பக்கத்து நிலையத்துச் செவிலியர் கூடுதல் பொறுப்பு ஏற்கிறார். தடுப்பூசி, கருத்தடை, முகாம், பதிவேடு, இவற்றோடு கணினியில் ஏற்றும் வேலை என்று அவர்களுடைய நாள் போய்விடுகிறது. வீடு வீடாக நடக்க வேண்டிய ஒருவரை மேசையில் உட்கார வைத்துவிட்டு, அவர் வீட்டுக்கு வருவதில்லை என்று குறை சொல்வது நியாயமாகாது.

ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு அனுப்புவதைப் பற்றி. தாய்மார் இறப்பதற்கான காரணங்களை ஆராய்ந்த தேடியஸ், மெய்ன் என்ற இருவர் 1994இல் மூன்று தாமதங்களைப் பிரித்துக் காட்டினார்கள்: போகலாம் என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்த இடத்தில் சிகிச்சை தொடங்குவதில் தாமதம். பிரசவத்துக்குப் பின் வரும் பெருக்கு, அதாவது கர்ப்பப்பை சுருங்காமல் இரத்தம் கொட்டுவது, இரண்டு மணி நேரத்துக்குள் உயிரை எடுத்துவிடக்கூடியது. கோடியக்கரையிலிருந்து வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி வழியாகத் தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். ஒரு காலத்தில் சிக்கலான பிரசவம் என்றால் அந்தத் தூரம்தான் கதி. 2008இல் 108 ஊர்தி வந்தது. 2010இல் திருவாரூரிலும் 2022இல் நாகப்பட்டினத்திலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்தன. மாவட்ட, வட்ட மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சையும் இரத்த வசதியும் கொண்ட, சீமாங் எனப்படும் அவசரப் பேறுகால மையங்கள் வந்தன. தூரம் சுருங்கியிருக்கிறது.

சுருங்காதது நாம் முடிவெடுக்க எடுத்துக்கொள்ளும் நேரம். வலி வந்ததும் 108ஐ அழைக்காமல் தெரிந்தவர் காரில் ஏற்றி, முதலில் ஒரு தனியார் மருத்துவமனை, அங்கே மருத்துவர் இல்லையென்று இன்னொன்று, கடைசியில் அரசு மருத்துவமனை என்று மூன்று வாசல் ஏறும் குடும்பங்கள் இன்றும் உண்டு. காரில் வருபவரைப் பற்றி மருத்துவமனைக்கு யாரும் முன்கூட்டியே தகவல் அனுப்புவதில்லை. 108இல் ஏறினால் பயிற்சி பெற்ற பணியாளர் உடன் இருப்பார், போய்ச் சேரும் இடத்துக்கு முன்னதாகவே செய்தியும் போய்விடும். அங்கே இரத்தம் எடுத்து வைத்திருப்பதற்கும், வாசலில் இறங்கிய பிறகு இரத்தம் கொடுக்க ஆள் தேடுவதற்கும் உள்ள வேறுபாடு ஓர் உயிர்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்ய வேண்டியதும் பெரிய மருத்துவம் இல்லை. பிள்ளை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாய்க்கு, கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் ஊசி 10 யூனிட் போட வேண்டும். ஆனால் அந்த மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருந்தால்தான் வீரியத்தோடு இருக்கும். மின்சாரம் போய்ப் போய் வரும் ஊரில் அது வைக்கப்பட்டிருக்கும் குளிர்பதனப் பெட்டியைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

இனி நான் அதிகம் சொல்ல விரும்பும் பகுதிக்கு வருகிறேன்.

என் அக்கா மகளுக்கு ஒரத்தநாட்டுப் பக்கம் கல்யாணமாகி, தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அறுவை சிகிச்சையில் ஆண் குழந்தை. வீட்டுக்கு வந்த மறுநாள் தலைவலி என்றாள். ராத்தூக்கம் இல்லை, அதனால் என்றார் ஒருவர். தலையில் நீர் கோத்துக்கொண்டது, சாம்பிராணி போடுங்கள் என்றார் இன்னொருவர். குழந்தையைப் பார்க்க வந்த சித்தி, தன் பையிலிருந்த இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை எடுத்து அவள் கையில் சுற்றினார். மேல் அளவு 160, கீழ் அளவு 110. கண் மங்குகிறதா, மேல்வயிறு வலிக்கிறதா என்று கேட்டார். கண் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கிறது என்றாள். அதற்குப் பிறகு யாரும் சாம்பிராணியைப் பற்றிப் பேசவில்லை. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோய், வலிப்பு வராமல் தடுக்க மக்னீசியம் சல்பேட் போட்டு, மாத்திரையைத் தொடங்கி, நல்லபடியாக மீண்டாள். பிள்ளை பிறந்த இடத்தில் வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சீட்டில், தலைவலி வந்தால் உடனே வரவும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை அப்புறம்தான் எடுத்துப் பார்த்தோம். வாயால் யாரும் சொல்லியிருக்கவில்லை.

“புள்ள பொறந்துட்டா வர்றவங்க எல்லாம் புள்ளயத்தான் பாக்குறாங்க தம்பி. அவளுக்குக் கைய நீட்டச் சொல்லி பிரஷர் பாக்க யாரு இருக்கா?” என்றார் சித்தி.

இரத்த அழுத்தம் பிரசவத்தோடு இறங்கிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பிரசவம் ஆன மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் அது உச்சத்துக்கு ஏறும். சுகப்பிரசவமான பெண் வீட்டுக்கு வந்து சேர்வதும் அதே நாட்களில்தான். கருப்பை, தையல் ஆகியவற்றில் சீழ் பிடிக்கும் காய்ச்சலும் அந்த வாரத்தில் தலைகாட்டும். அறுவை சிகிச்சைகளின் எண்ணிக்கையை நினைத்தால் இது இன்னும் அழுத்தம் பெறுகிறது: ஐந்தாவது ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவங்கள் அறுவையில், தனியார் மருத்துவமனைகளில் அறுபதுக்கும் மேல். மக்கள்தொகை அளவில் 10 விழுக்காட்டுக்கு மேல் அறுவை கூடுவதால் தாய் சேய் இறப்பு குறைவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. நல்ல நட்சத்திரம் பார்த்து நேரம் குறித்துக் கொடுக்கும் ஜோசியர்களையும் இந்தக் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

பத்தியத்தைப் பற்றி எனக்கு இரண்டு மனம். பிள்ளை பெற்றவளை அடுப்படிக்கு விடாமல் படுக்க வைத்து, பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் செய்து போடும் கிழவிகள் எந்த மருத்துவமனையும் தராத ஓய்வைத் தருகிறார்கள். ஆனால் வயிறு பெருத்துவிடும் என்று தண்ணீரை அளந்து கொடுப்பதும், ஒரு வேளைச் சோற்றோடு நிறுத்துவதும் பால் கொடுக்கும் உடம்புக்குச் செய்யும் கேடு. தீட்டு என்று அவளை உள்ளறையில் வைப்பதால், அவள் முகம் வீங்கியிருப்பதையோ உடம்பு சுடுவதையோ வெளியாள் பார்க்க வழியில்லாமலும் போகிறது.

குழந்தையின் கதையும் வீட்டில்தான் நடக்கிறது. பிறந்து முதல் இருபத்தெட்டு நாட்களில் இறக்கும் குழந்தைகளைக் கொண்டுபோகும் காரணங்கள் பெரும்பாலும் குறைமாதம், பிறந்தவுடன் மூச்சுத்திணறல், தொற்று ஆகியவையே. மூச்சுத்திணறலை மருத்துவமனை பார்த்துக்கொள்ளும். மற்ற இரண்டும் வீடுவரை கூடவே வருகின்றன. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் அபய் பங், ராணி பங் தம்பதியர், கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வீடுதேடிச் சென்று பச்சிளங் குழந்தைகளைப் பார்க்கச் செய்தார்கள்; 1999இல் வெளியான அவர்களுடைய ஆய்வு, பச்சிளங் குழந்தை இறப்பு 62 விழுக்காடு குறைந்ததாகக் காட்டியது. இன்று இந்தியா முழுவதும் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் வீட்டுக்குச் சென்று பார்க்க வேண்டும் என்ற விதி அதிலிருந்து வந்ததுதான். விதி இருக்கிறது. ஏழாம் நாள் உங்கள் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்று புதிதாகப் பிள்ளை பெற்றவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

சீம்பாலைப் பீய்ச்சி ஊற்றும் வழக்கம் எங்கள் பக்கம் குறைந்துவிட்டது. அறுவை சிகிச்சை ஆனவளுக்குப் பால் ஊறாது என்று சொல்லிச் சர்க்கரைத் தண்ணீர் வைப்பது குறையவில்லை. வசம்பும் மாசிக்காயும் ஜாதிக்காயும் உரைத்து நாக்கில் தடவும் உரை மருந்தை, முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தவிர வேறெதுவும் வேண்டாம் என்ற காரணத்துக்காகவே தள்ளிவைக்க வேண்டும். உரைக்கும் கல்லும் தண்ணீரும் சுத்தமாக இருக்கின்றனவா என்பது அதற்கு அடுத்த கேள்வி. காதிலும் மூக்கிலும் ஊதிக் குளிப்பாட்டுவதை நிறுத்தச் சொல்லிச் சித்தி வாழ்நாள் முழுவதும் சண்டை போட்டிருக்கிறார், வென்றது குறைவு.

அவர் சண்டை இல்லாமல் வென்ற இடம் ஒன்று உண்டு. எடை குறைந்த குழந்தையைத் துணி சுற்றித் தனியே கிடத்தாமல், தாயின் வெறும் மார்போடு ஒட்ட வைத்துக் கட்டிக்கொள்ளும் கங்காரு பராமரிப்பு 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், குழந்தையைச் சூடாக வைக்கும் இன்குபேட்டர் பெட்டிகளின் பற்றாக்குறையால் பிறந்த வழி. 2021இல் வெளிவந்த பெரிய ஆய்வு, 1.8 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்குப் பிறந்த உடனேயே இதைத் தொடங்கினால் இறப்பு கால் பங்கு குறைவதைக் காட்டியது. ஆனால் ஓர் அறை, ஒரு திண்ணை உள்ள வீட்டில், வருவோர் போவோர் நடுவே ஒரு பெண் மணிக்கணக்கில் மார்பில் குழந்தையோடு எப்படி இருப்பாள்? சித்தி பாட்டிகளைப் பிடித்தார். தாய் தூங்கும் நேரத்தில் பாட்டி கட்டிக்கொள்ளலாம், தகப்பனும் கட்டிக்கொள்ளலாம் என்று சொல்லிக் கொடுத்தார். குளிப்பாட்டும் விஷயத்தில் அவரோடு மல்லுக்கு நின்ற அதே கிழவிகள் இதைப் போட்டி போட்டுக்கொண்டு செய்தார்களாம்.

பாட்டிகள் கவனிக்க வேண்டிய அறிகுறிகளையும் அவர் வாயாலேயே பாடம் செய்ய வைத்தார்: குழந்தை பால் குடிக்க மறுப்பது, நிமிடத்துக்கு அறுபது முறையோ அதற்கு மேலோ மூச்சு வாங்குவது, உள்ளங்கால் சில்லிட்டுப்போவது, உடம்பு சுடுவது, மஞ்சள் உள்ளங்கை உள்ளங்கால் வரை இறங்குவது, வெட்டி வெட்டி இழுப்பது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காலைவரை காத்திருக்கக் கூடாது.

கடைசியாக மழைக்காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடைமடைப் பகுதியில் எந்த வாய்க்கால் எந்தச் சாலையை மூடும் என்று சொல்ல முடியாது. 2018 நவம்பர் 16ஆம் தேதி விடியுமுன் கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, விழுந்த மரங்களால் சாலைகள் அடைபட்டு, பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. பிரசவ நாள் நெருங்கியவர்களின் பட்டியலைத் தயாரித்து, புயலுக்கு முன்பே மருத்துவமனையில் சேர்த்துவிடுவது சுகாதாரத் துறையின் நல்ல வழக்கம். ஆனால் போகமாட்டேன் என்று சொல்லும் பெண்ணுக்கும் காரணம் இருக்கிறது. மூத்த பிள்ளையை யார் பார்ப்பது, ஆட்டை எங்கே கட்டுவது, துணைக்கு யார் தங்குவது என்பவற்றுக்கு ஊர்தான் பதில் சொல்ல முடியும், மருத்துவமனை அல்ல.

எனவே அக்டோபர் 2ஆம் தேதி கிராம சபையில் எங்கள் ஊராட்சிக்கு மூன்று கோரிக்கைகளை எழுத்தில் கொடுக்க இருக்கிறேன். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பிரசவ நாள் உள்ளவர்களுக்கு, தாய்வீட்டுக்கு வந்திருப்பவர்களையும் சேர்த்து, துணைக்கு யார், மூத்த பிள்ளைகளுக்கு யார் என்று இப்போதே பேசி முடிக்க வேண்டும். அதற்கு அந்தப் பெண்களின் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு செவிலியரோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டும். வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் ஒவ்வொரு தாய்க்கும் இரண்டு முறையாவது இரத்த அழுத்தம் பார்க்க, மகளிர் குழுவில் ஒருவருக்குப் பயிற்சியும் ஊராட்சிச் செலவில் ஒரு கருவியும் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து வைத்திருக்கும் குளிர்பதனப் பெட்டிக்கு மின்சாரம் நின்றாலும் ஓடும் ஏற்பாடு இருக்கிறதா என்று சபையில் பதில் சொல்ல வேண்டும். மனுவின் படி வேண்டுபவர்கள் பின்னூட்டத்தில் கேளுங்கள், அனுப்புகிறேன். ஊராட்சியின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.